செலாயாங் மாடிப்படி, பிரிக்பீல்ட்ஸ் மழை: கோலாலம்பூரில் நான்கு நாள்

ஜூன் 19, 2025, வியாழன் – பட்டர்வொர்த்திலிருந்து செந்தூல்

காலை ஒன்பது மணிப் பேருந்து, 40 வெள்ளி (ரிங்கிட்). தைப்பிங் வரை சால்வை கேட்கிற குளிர். கோலகங்சார் தாண்டியதும் ஏர்கோன் நின்றுபோனது. திறக்கவே முடியாத கண்ணாடி ஜன்னல்கள், உள்ளே முப்பது பேர், வெளியே நல்ல வெயில். ஓட்டுநர் எப்படியோ தாப்பா ஓய்விடம் வரை கொண்டுவந்து சேர்த்தார். மாற்றுப் பேருந்து வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

பக்கத்து இருக்கையில் ஒரு நேப்பாளத் தம்பி, பிறையில் ஒரு தொழிற்சாலைக்குக் காவலாளி. இறங்கியதும் முதல் வேலையாகக் கடைக்குப் போய் எட்டுத் தண்ணீர்ப் பாட்டில் வாங்கி வந்து, வயதான பெண்களாகப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார். நான் பணத்தை நீட்டினேன், "தா அப்பா, மக்சிக்" (பரவாயில்லை அம்மா) என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அரைகுறை மலாயில் பேசிக்கொண்டோம். அவர் ஊர் ஜாப்பா மாவட்டமாம். பூட்டானிலிருந்து விரட்டப்பட்ட நேப்பாளி மொழிக்காரர்களின் முகாம்கள் அங்கேதான் இருந்தன. தொண்ணூறுகளில் அமைந்த மூங்கில் குடிசைகள். 2007க்குப் பிறகு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அமெரிக்கா, கனடா போன்ற நாடுகள் அழைத்துக்கொண்டன. இவருடைய பால்யத் தோழன் ஒருவன் இன்று அமெரிக்காவில் லோரி ஓட்டுகிறானாம். "அவன் அகதி, போய்விட்டான். நான் சொந்த ஊர்க்காரன், பிழைக்க இங்கே வந்திருக்கிறேன்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சரி, அந்தப் பேச்சோடுதான் இந்தப் பயணம் ஆரம்பமானது.

எதற்காகப் போகிறேன் என்று சொல்லவேண்டும். என் தம்பி மகள் கோலாலம்பூரில் கணக்காளர். மூன்று வருடமாக, விடுப்பு நாளிலும் மாலையிலும், செலாயாங் பக்கம் ஓர் அகதிப் பிள்ளைகள் கற்றல் மையத்தில் மலாயும் கணக்கும் சொல்லிக் கொடுக்கிறாள். ஜூன் 20 உலக அகதிகள் தினம். அதையொட்டிச் சனிக்கிழமை ஒரு சின்ன விழா வைக்கிறார்கள். "அத்தை, நீங்க வந்து பிள்ளைங்களுக்கு ஏதாவது ஆட்டம் பாட்டு சொல்லிக் கொடுக்கணும், சும்மா வீட்டுல இருந்து என்ன செய்யப் போறீங்க" என்றாள். முப்பத்து நான்கு வருடம் தமிழ்ப்பள்ளியில் இருந்தவள் நான். ஒப்புக்கொண்டேன்.

ஆனாலும் மனதில் ஓர் உறுத்தல் இருந்தது. 2020இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு நேரத்தில், மியன்மாரிலிருந்து ஓடிவந்த ரொஹிங்கியா மக்களைத் திட்டி ஊர் முழுக்கச் செய்திகள் சுற்றினவே, நினைவிருக்கும். அதில் ஒன்றை நானும் மூன்று பேருக்கு அனுப்பினேன். உண்மையா பொய்யா என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. அதை எழுதாமல் மற்றதை எழுத முடியாது.

செந்தூலுக்கு வந்து சேர மாலை ஐந்து. முன்பு ரயில்வே பட்டறையை நம்பி நம் ஆட்கள் குடியேறிய இடம். இப்போது சுற்றிலும் அடுக்குமாடிகள். கீழே ஒட்டுக்கடையில் தோசை 2 வெள்ளி 50 காசு, மீன் குழம்பு கேட்டால் தனியாக ஒரு கிண்ணத்தில். கடைக்கார அம்மா என் முகத்தைப் பார்த்து, "ரொம்ப களைச்சுப் போயிருக்கீங்க, பசியாறுங்க, காசு அப்புறம்" என்றார். மூன்று தோசை சாப்பிட்டுப் படுத்தவள்தான்.

ஜூன் 20, வெள்ளி – செலாயாங்

காலை ஏழு மணிக்கெல்லாம் செலாயாங் மொத்தச் சந்தைப் பக்கம் போய்விட்டோம். நாம் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சாப்பிடுகிற கீரையும் மீனும் யார் தோளில் ஏறி இறங்குகின்றன என்று அங்கே நின்றால் தெரியும். மூட்டை சுமப்பவர்கள், பெட்டி அடுக்குபவர்கள், மீன் கழுவிக் கொட்டுபவர்கள் எல்லாரும் வெளிநாட்டவர்கள். அதில் நிறையப் பேர் ரொஹிங்கியா. சட்டப்படி அவர்கள் வேலை செய்ய அனுமதி இல்லை.

மையம் ஓர் இரும்புக்கடையின் மேல்மாடியில் இருக்கிறது. படிக்கட்டு ஓர் ஆள் ஏறும் அகலம், எதிரே யாராவது வந்தால் சுவரோடு ஒட்டி நிற்கவேண்டும். மேலே இரண்டு அறை, நடுவில் பலகைத் தடுப்பு. பிள்ளைகள் 58 பேர், ஆசிரியர்கள் மூன்று பேர். ஆறு வயதும் பதினாலு வயதும் ஒரே வகுப்பில். மாதம் 50 வெள்ளி கட்டணம், கட்ட முடிந்தவர்கள் கட்டுகிறார்கள். செருப்புகளை மட்டும் வாசலில் அளவுவாரியாக வரிசையாக வைத்திருந்தார்கள், நம் பள்ளிகளில்கூட அவ்வளவு ஒழுங்கைப் பார்த்ததில்லை.

மேசை இல்லை. அதுதான் என் கண்ணில் முதலில் பட்டது. தரையில் பாய் விரித்து, நோட்டைத் தொடையிலோ தரையிலோ வைத்து, குனிந்து எழுதுகிறார்கள். இரண்டு மணி நேரம் அப்படிக் குனிந்தே உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு முதுகு என்ன ஆகும், கையெழுத்து என்ன ஆகும்! ஒரு பையன், பன்னிரண்டு வயதிருக்கும், குப்புறப் படுத்து எழுதினான். எழுத்து அழகாகத்தான் இருந்தது.

ஏன் மாடியில் நடத்தவேண்டும்? அரசுப் பள்ளியில் இவர்களுக்கு இடமில்லை. மலேசியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. நம் குடிநுழைவுச் சட்டத்தில் அகதி என்று ஒரு வகையே கிடையாது, கள்ளத்தனமாக வந்தவரும் உயிர்பிழைக்க ஓடிவந்தவரும் அதற்கு ஒன்றுதான். ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் பதிந்தவர்கள் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேல். பெரும்பாலோர் மியன்மாரிலிருந்து வந்தவர்கள், அதில் ரொஹிங்கியா மட்டுமே ஒரு லட்சத்துக்கு மேல். ஆணையம் கொடுக்கிற யூ.என். கார்டு இருந்தால் அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி தள்ளுபடி கிடைக்கும். கார்டைக் காட்டினால் பிடிபடாமல் தப்பிக்கலாம், தப்பிக்காமலும் போகலாம். வேலைக்கும் பள்ளிக்கும் அது உதவாது.

தமிழாசிரியைக்கு ஒரு பழக்கம், சொல்லைப் பிரித்துப் பார்ப்பது. அகதி என்றால் கதி இல்லாதவர். மலாயில் பெலாரியான், ஓடியவர். நாம் போக்கிடம் இல்லாததைச் சொல்கிறோம், அவர்கள் ஓடியதைச் சொல்கிறார்கள். பாயில் உட்கார்ந்து ஏழாம் வாய்ப்பாடு சொன்ன பிள்ளைகள் எதற்கும் ஓடியவர்கள் இல்லை, பாதிப்பேர் இங்கேயே பிறந்தவர்கள்.

பத்து மணி இடைவேளையில் ஒரு சின்னப் பெண், எட்டு ஒன்பது வயது, முன்பல் இல்லாதவள், என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "சிக்கு (டீச்சர்), நீங்கள் எந்த நாடு?"

"மலேசியா."

"இல்லை, அதற்கு முன்?"

என்ன சொல்வது என்று ஒரு கணம் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் நம்மவர்கள் ஒருவரை ஒருவர் "எந்த எஸ்டேட்?" என்றுதான் கேட்டிருக்கிறோம். அதற்கு முன் எது என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. தரையில் உட்கார்ந்தேன். சுற்றி ஏழெட்டுப் பேர் உட்கார்ந்துகொண்டார்கள். மலாயில், எளிய வார்த்தைகளில், என் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, கதையைச் சொன்னேன். 1936இல், பதினேழு வயதில், நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தார். பினாங்குக்கு எதிரே ஜெரஜாக் தீவில் இறக்கி, நோய் இருக்கிறதா என்று பார்க்க அடைத்து வைத்தார்கள், பிறகு நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் பால் எடுக்க, அனுப்பினார்கள். தாத்தா, அப்பாயி, அப்பாயியின் தங்கை மூன்று பேரும் வந்தார்கள்.

பன்னிரண்டு வயதுப் பையன் கேட்டான்: "அவருக்குக் கார்டு இருந்ததா?"

இருந்தது. சிவப்பு. 1991இல் சாகும்வரை சிவப்பு அடையாள அட்டைதான். நிரந்தரவாசி, குடிமகள் இல்லை. நீல அட்டைக்கு எத்தனை முறை நடந்தார்! மலாய் மொழியில் கேள்வி கேட்பார்கள், இவருக்குப் பதில் தெரியாது, திரும்பி வருவார். அந்தச் சிவப்பு அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சுருக்குப்பையில் வைத்து, குளிக்கப் போகும்போதுகூட என் கையில் கொடுத்துவிட்டுத்தான் போவார். தங்கைக்கு அதுவும் உதவவில்லை. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று ஆனபோது, தோட்டத்திலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் கப்பல் ஏறித் திரும்பினார்கள். சின்ன அப்பாயியும் போனார். எனக்கு அப்போது ஆறு வயது. அவர் ஏறிப்போன அந்த லோரி மட்டும் நினைவிருக்கிறது.

இவ்வளவையும் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. "சிவப்புக் கார்டு இருந்தது" என்று மட்டும் சொன்னேன். பையன் தலையை ஆட்டினான், அவனுக்குப் புரிந்துவிட்டது.

மதியம் ஒரு தாய் சாப்பாடு கொண்டுவந்தார். மெல்லிய அரிசிமாவு ரொட்டி, மாட்டிறைச்சிக் குழம்பு. என் நெற்றிப் பொட்டைப் பார்த்தவர் குழம்பை என் பக்கம் நகர்த்தவே இல்லை. ஒன்றும் சொல்லாமல் கீழே இறங்கிப் போனார். இருபது நிமிடத்தில் வேறு பாத்திரத்தில் முட்டையும் பருப்பும் சமைத்துக் கொண்டுவந்து, "புதுச் சட்டி, புதுச் சட்டி" என்று இரண்டு முறை மலாயில் சொன்னார். அத்தனை படி ஏறி மூச்சு வாங்கியது அவருக்கு. பரிமாறக் குனிந்தபோது பார்த்தேன், சட்டைக்குள் ஊக்கு குத்திப் பிளாஸ்டிக் உறையில் கார்டு. நான் பார்ப்பது தெரிந்து கையால் மூடிக்கொண்டார். ரொட்டி பத்திரி மாதிரி மெத்தென்று இருந்தது, நான்கு சாப்பிட்டேன். பணம் கொடுக்கலாமா என்று தம்பி மகளிடம் கேட்டேன், "வேணாம் அத்தை, மனசு கஷ்டப்படுவாங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு முன்பு ஒரு மணி நேரம் கும்மி சொல்லிக் கொடுத்தேன். பாட்டின் சொற்களை அவர்களையே போடச் சொன்னேன். ரொஹிங்கியா மொழியில் என்னவோ போட்டார்கள், அர்த்தம் கேட்டால் "அரிசி, மீன், மழை, வீட்டுக்கு வா" என்றார்கள். கும்மித் தாளத்துக்கு அச்சாக உட்கார்ந்தது.

இரவு செந்தூலில் தூக்கம் வரவில்லை. நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளியில் மாணவர்கள் பதினொன்று. 150க்குக் கீழே இருந்தால் குறைந்த மாணவர் பள்ளி என்பார்கள், பதினொன்றுக்கு என்ன பேரோ. நாட்டில் ஐந்நூறுக்கு மேல் தமிழ்ப்பள்ளிகள், அதில் எத்தனையோ இப்படித்தான். தோட்டம் போய்விட்டது, ஆட்கள் பட்டணம் போய்விட்டார்கள், கட்டடம் மட்டும் செம்பனை நடுவே நிற்கிறது. அந்தப் பள்ளிகள் எப்படி வந்தன? 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் ஏழு முதல் பதினாலு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் முதலாளி பள்ளிக்கூடம் வைக்கவேண்டும் என்றது. வைத்த பள்ளி பெரும்பாலும் கொட்டகைதான், வாத்தியார் பாதி நேரம் கிராணி (தோட்ட எழுத்தர்) வேலை பார்ப்பார். ஆனாலும் வந்தேறிக் கூலியின் பிள்ளைக்குப் பள்ளி வேண்டும் என்று வெள்ளைக்காரன் எழுதி வைத்தான். அந்த மாடியில் ஐம்பத்தெட்டுப் பேர்.

ஜூன் 21, சனி – பிரிக்பீல்ட்ஸ்

விடியற்காலை நான்கு மணிக்கு அடித்தது சுமத்ரா காற்று. ஜூனில் இந்தப் பக்கம் விடிவதற்கு முன் வரும் மழை, பினாங்கிலும் பழக்கம்தான், ஆனால் இது கூரையைப் பிடுங்குகிற மாதிரி. ஏழு மணிக்கு மண்டபத்துக்குப் போனால், முன்தினம் கட்டிய மூன்று கூடாரத்தில் இரண்டு சாய்ந்து கிடக்கின்றன. பின்பக்கக் கால்வாய் நிரம்பி, மண்டபத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். எழுபது எண்பது நாற்காலிகள் மிதக்காத குறை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு விழா. யாரும் யாரையும் ஏவவில்லை. மியன்மாரின் சின் இன இளைஞர்கள் நான்கு பேர் கூடாரக் கம்பியை நிமிர்த்தினார்கள், சோமாலியப் பெண்கள் பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீரைத் தள்ளினார்கள், ஓர் ஆப்கானியப் பெரியவர் அடைத்திருந்த சாக்கடைக்குள் கைவிட்டுக் குப்பையை எடுத்தார். நான் துடைப்பத்தை எடுத்தேன். யாழ்ப்பாணத் தமிழில் ஒரு குரல், "டீச்சரம்மா, நீங்கள் இருங்கோ, நாங்கள் பாப்பம்" என்று துடைப்பத்தை வாங்கிக்கொண்டது. அவரைப் பற்றி நாளை எழுதுகிறேன். பத்தரைக்கெல்லாம் தரை காய்ந்துவிட்டது.

முந்நூறு பேர் வந்திருப்பார்கள். பாதிக்குமேல் உள்ளூர்க்காரர்கள், நம்மவர்கள், சீனர்கள், மலாய்க்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள். உணவுக்குக் கூப்பன், எல்லாம் ஐந்து வெள்ளி. ஆப்கானியர்களின் பொலானி, உள்ளே உருளைக்கிழங்கும் வெங்காயத்தாளும் வைத்துத் தட்டிப் பொரித்தது, தயிரோடு கொடுத்தார்கள். சின் மக்களின் சபுத்தி என்ற சோளக் கஞ்சி. கொழுத்த வெள்ளைச் சோளத்தை மணிக்கணக்கில் இறைச்சியோடு வேகவைப்பது. இறைச்சி போடாத ஒரு பானையும் வைத்திருந்தார்கள், அதைக் குடித்தேன். உப்பு மட்டும்தான், மழை நாளுக்கு அவ்வளவு இதம். சோமாலியச் சமோசாவுக்கு அவர்கள் சம்பூசா என்கிறார்கள், உறைப்பு நம் கணக்கிலேயே இருந்தது. பர்மிய நூடல்ஸைப் பார்த்ததும் பத்து வருடம் முன்பு சென்னையில் பர்மா பஜார் அருகே சாப்பிட்ட அத்தோ நினைவுக்கு வந்தது. அதுவும் பர்மாவிலிருந்து விரட்டப்பட்ட தமிழர்கள் கொண்டுவந்த உணவுதானே. கடைப் பையனிடம் "அத்தோ" என்றேன், அவனுக்கு அந்தச் சொல் புரிந்துவிட்டது, குதித்தான்.

பேச்சுகள் நீளவில்லை, நல்லவேளை. ஒரு மலாய்ப் பெரியவர் பேசியது மட்டும் இங்கே எழுதவேண்டும். 1979இல் திரங்கானுவின் பீடோங் தீவில் தொண்டராக இருந்தவர். ஒரு சதுர கிலோமீட்டர் அளவுள்ள தீவு, அந்த ஜூனில் ஏறக்குறைய நாற்பதாயிரம் வியட்னாமியர்கள் அதில் இருந்தார்கள். முகாம் 1978 முதல் 1991 வரை, மொத்தம் இரண்டரை லட்சம் பேர் வந்து போனார்கள். குடிதண்ணீரும் அரிசியும் படகில்தான் வரும். "அப்போதும் ஊரில் எல்லாரும் பயந்தார்கள், நானும் பயந்தேன். பிறகு ஒரு வியட்னாமியத் தையல்காரர் என் கிழிந்த சட்டையைப் பார்த்து, கேட்காமலே தைத்துக் கொடுத்தார். பயம் எங்கே போனது என்று தெரியவில்லை" என்றார். அவ்வளவுதான், இறங்கிவிட்டார்.

எங்கள் முறை வந்தபோது ஒலிபெருக்கி நின்றுபோனது, காலையில் நனைந்த கம்பியாக இருக்கும். கும்மிக்கு ஒலிபெருக்கி எதற்கு? பதினாறு பேர் வட்டமாக நின்று அடித்தார்கள், "அரிசி, மீன், மழை, வீட்டுக்கு வா". மூன்றாம் சுற்றில் நம் பாட்டிமார் இரண்டு பேர் எழுந்து வந்து வட்டத்தில் சேர்ந்துகொண்டார்கள். அப்புறம் ஆப்கானியப் பெண்கள். பல் இல்லாத சின்னவள் எல்லாருக்கும் காலை எங்கே வைப்பது என்று கட்டளை போட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்று மணி வாக்கில் ஒரு கைப்பேசிச் செய்தி வந்தது. திரும்பிப் போகிற சாலையில் தடுப்பு போட்டுச் சோதிக்கிறார்கள் என்று. ஒரு சத்தமும் இல்லை. பாட்டு அப்படியே நின்றது. அடுப்புகள் அணைந்தன. சபுத்திப் பானையை மூடாமலே தூக்கினார்கள். தாய்மார் பிள்ளைகளை இரண்டு இரண்டு பேராகப் பிரித்து, வேறு வேறு வாசல் வழியாக, ஓடாமல் நடந்து வெளியேறினார்கள். அந்தப் பன்னிரண்டு வயதுப் பையன்தான் சின்னவர்களைப் பிரித்து அனுப்பினான், எத்தனை முறை செய்து பழகியிருந்தால் அவ்வளவு நிதானம் வரும். பத்து நிமிடத்தில் மண்டபத்தில் நாங்கள் உள்ளூர்க்காரர்கள் மட்டும், கையில் தட்டோடு.

தம்பி மகள் காரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். காலைக் காற்றில் ஒரு மரம் விழுந்திருக்கிறது. அதை அறுத்து அப்புறப்படுத்தும் லோரியின் மஞ்சள் விளக்கு. வேறு ஒன்றும் இல்லை. செய்தியை எல்லாருக்கும் அனுப்பினோம், யாரும் திரும்பி வரவில்லை. மீதிச் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து முடிக்க இரவு ஒன்பதானது. எனக்குக் கால் வீங்கிவிட்டது.

ஜூன் 22, ஞாயிறு – ஸ்காட் சாலை, பிறகு வீடு

துடைப்பத்தை வாங்கிக்கொண்ட அந்த அக்கா தன் மகளோடு கந்தசுவாமி கோயில் வாசலில் காத்திருந்தார். ரயில்வேக்கும் அலுவலகங்களுக்கும் வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்துச் சைவர்கள் நூறு வருடத்துக்கு முன் எழுப்பிய கோயில் அது. வந்தவர்கள் கோயில் கட்டினார்கள், பள்ளி கட்டினார்கள், அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்று டாக்டர், வழக்கறிஞர். இந்த அக்காவும் அதே கடலைத் தாண்டித்தான் வந்தார், முல்லைத்தீவிலிருந்து, 2012இல்.

அர்ச்சனை முடிந்து பிரகாரத்தில் உட்கார்ந்து பேசினோம். 2009இல் இடம்பெயர்ந்ததைப் பற்றி அதிகம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "கதைக்கத் தொடங்கினா பிள்ளை நித்திரை கொள்ளமாட்டாள்" என்றார். கணவர் ஓர் உணவகச் சமையலறையில், நாளைக்கு 60 வெள்ளி. வேறு நாட்டுக்கு அனுப்புவார்கள் என்று பதின்மூன்று வருடமாகக் காத்திருக்கிறார்கள். "உங்கட ஊர் எது, டீச்சர்?" என்று கேட்டார். முசிறிப் பக்கம் என்று அப்பாயி சொல்வார், கிராமத்தின் பெயர் யாருக்கும் நினைவில்லை என்றேன். நான் பிறந்த தோட்டத்தையாவது சொல்லலாம் என்றால், அங்கே இப்போது வீடமைப்புத் திட்டம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கட ஊர் பேர் இருக்கு, ஊர்தான் இல்லை" என்றார்.

மகளுக்குப் பன்னிரண்டு வயது, இங்கே பிறந்தவள். தாய் சொல்லிக் கொடுத்தே தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். என் கைப்பையில் இருந்த பழைய ரசீதின் பின்பக்கத்தில், நேற்றைய விழாவைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னேன். எழுதினாள். "மழை" சரி, "விழா" சரி, "பொலானியைப் பொரித்தார்கள்" சரி. ஓரிடத்தில் ஒற்று விட்டிருந்தாள், காட்டியதும் தானே திருத்தினாள். முப்பத்து நான்கு வருடத்தில் யூ.பி.எஸ்.ஆர். என்ற ஆறாம் ஆண்டுத் தேர்வு எழுதிய என் பிள்ளைகளில் எத்தனை பேர் இப்படி எழுதினார்கள் என்று எண்ணிப் பார்த்தேன், ஒரு கை விரல் போதும். தமிழ் எழுதுகிற இந்தப் பிள்ளைக்குத் தமிழ்ப்பள்ளியில் இடமில்லை. பிள்ளை இல்லாமல் தமிழ்ப்பள்ளி மூடப் பார்க்கிறது. இதை எழுதும்போதே எனக்குக் கை நடுங்குகிறது. மாணவர் எண்ணிக்கை குறைகிறது என்று எத்தனை கூட்டம் போட்டிருக்கிறோம், எத்தனை மகஜர் கொடுத்திருக்கிறோம், அந்த மகஜரில் இந்தப் பிள்ளைகளைச் சேர்க்கவேண்டும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லையே.

மதியம் அவர்களை அழைத்துக்கொண்டு வாழையிலைச் சாப்பாடு, ஆளுக்கு 13 வெள்ளி. அக்கா கதவுக்கு எதிரே உட்காராமல், சுவர் ஓரமாக, வாசல் தெரிகிற மாதிரி இடம் பார்த்து உட்கார்ந்தார். பிள்ளை மூன்று முறை ரசம் வாங்கிக் குடித்தாள். பரிமாறிய தம்பி வங்காளதேசத்தவர், "லாகி, அடெக்?" (இன்னும் வேணுமா, தங்கச்சி?) என்று சிரித்துக்கொண்டே ஊற்றினார்.

கிளம்பும்போது அக்கா ஒரு பொட்டலம் கொடுத்தார். வாழையிலையில் பிட்டு, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு தனியாக, வெங்காயச் சம்பல். திரும்பிய பேருந்தில் ஏர்கோன் ஒழுங்காக ஓடியது. தாப்பாவில் நிறுத்தியபோது அதைப் பிரித்துச் சாப்பிட்டேன். இன்னும் சூடு இருந்தது.

ஜூன் 24, செவ்வாய் – நிபோங் திபால்

கால் வீக்கம் வடிந்தது. காலையில் முதல் வேலையாக என் பழைய பள்ளித் தலைமையாசிரியைக்குப் போன் செய்தேன். பெற்றோர் ஆசிரியர் சங்கம் பத்து வருடம் முன் வாங்கிய மடக்கு மேசைகள், இருபத்து நான்கு, மண்டபத்துக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கிறார்கள், கரையான் இன்னும் தொடவில்லை. சங்கம் கடிதம் கொடுத்தால் தரலாம் என்றார். சங்கத் தலைவர் என்னிடம் படித்தவன்தான். "எழுதிட்டேன்னு வச்சுக்குங்க டீச்சர்" என்றான். மகஜர் பேச்சையும் எடுத்தேன். அதற்கு அவன் உடனே பதில் சொல்லவில்லை, அடுத்த கூட்டத்தில் நானே வந்து பேசலாம் என்றான். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன், ஜூலை முதல் வாரம்.

பக்கத்து வீட்டுக்காரர் வியாழன் தோறும் செலாயாங் சந்தைக்கு முட்டை ஏற்றிப் போகிறார். மேசையை மேலே கட்டிக்கொண்டு போக 150 வெள்ளி, நான் கொடுக்கிறேன் என்றேன். எல்லாம் சரி, அந்தப் படிக்கட்டில் மேசை ஏறுமா? தம்பி மகளுக்குச் செய்தி அனுப்பினேன். அரைமணி கழித்து ஒரு படம் வந்தது. பன்னிரண்டு வயதுப் பையன் படியில் குனிந்து நிற்கிறான், சுவருக்குச் சுவர் அளவுநாடாவைப் பிடித்தபடி. முன்பல் இல்லாதவள் மறுமுனையை அழுத்திப் பிடித்திருக்கிறாள். கீழே எழுதியிருந்தது: 81 சென்டிமீட்டர்.

மடக்கிய மேசை 60. ஏறும்.